குருநகரில் போன்கள் கடலுக்குப் போகின்றன

யாழ்ப்பாணம் போகும் கப்பலில் முக்கால்வாசிப் பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. பக்கத்து இருக்கையில் கும்பகோணத்து மாமா ஒருவர். ஏறியதும் எனக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து, "பயப்படாதம்மா, மோந்துக்கிட்டே வா" என்று தைரியம் சொன்னார். பாதிக் கடலில் அந்தப் பழத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். தங்கச்சிமடத்தில் பிறந்தவளுக்கு அலை ஆடினால் தூக்கம்தான் வரும். ஆனால் தூங்கவும் மனசில்லை. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தேன்.

எனக்கே இது அதிசயம்தான். அண்ணன் போன பிறகு நான் கடல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. போன மழைக்காலத்தில் ஆன்டோ அண்ணனின் வள்ளம் கவிழ்ந்தது. அன்றைக்கு முழுக்க அவன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. வள்ளம் கிடைத்தது, அப்புறம் அண்ணன் கிடைத்தான், போன் மட்டும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கும் கடைக்குமாக மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். பாம்பனில் ஒரு போன் ரிப்பேர் கடையில் வேலை. இரண்டு கரையிலும் வேலை செய்கிற தொண்டு நிறுவனம் ஒன்று தன் டேப்லெட்களை எங்கள் கடையில்தான் பழுது பார்க்கும். யாழ்ப்பாணத்தில் குழந்தைகளின் எடை பார்க்கும் தராசுகள் உப்புக்காற்றில் கெட்டுப்போகின்றன, அங்கேயே உட்கார்ந்து சரிசெய்ய ஒரு பெண் வேண்டும் என்று அந்த நிறுவனத்து சிஸ்டர் ஒருவர் கேட்டார். முதலாளி என்னைக் கை காட்டினார். அம்மா, "போயிட்டு வா பிரிஸ்கா, இந்த வீட்டுச் சுவரையே எத்தனை நாளைக்குப் பாப்பே" என்றாள். மூன்று ஸ்க்ரூடிரைவர் செட், ஈயம் உருக்கி ஒயர் ஒட்ட ஒரு பற்றுவைக்கும் கோல், இரண்டு சுடிதார். வெளிநாட்டுப் பயணத்துக்கு என் மூட்டை அவ்வளவுதான்.

கரையிறங்கியதும் சோதனையிடுகிற அதிகாரி என் பற்றுவைக்கும் கோலைத் தூக்கிப் பிடித்து, இன்னொருவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். "இந்த வயசிலை தன்ரை மகள் லிப்ஸ்டிக் கொண்டு திரியிறாளாம், இந்தப் பிள்ளை இதைக் கொண்டு திரியுதாம்." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

தங்க இடம் குருநகரில் பிலோமினாக்கா வீடு. அவர் மீன் வாங்கி விற்கிறவர். கடற்கரை அந்தத் தெரு முடிகிற இடத்திலேயே இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் வாசலில் நின்றேன். அவர் இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த இடம் பிள்ளை?"

"தங்கச்சிமடங்க்கா. ராமேஸ்வரம் பக்கம்."

"ஓகோ. அப்ப உங்கடை றோலர்காரர் அறுத்துக்கொண்டு போன எங்கடை வலையைத் தந்திட்டு உள்ளுக்கை வா."

தெருவில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்க அண்ணன் ட்ராலர் இல்லைக்கா. நாட்டுப்படகு. அவன் போன வருசம் கடல்ல செத்துட்டான்" என்று சொல்லிவிட்டேன். வந்த இடத்தில் முதல் பேச்சே இதுவா என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

சிரிப்பு அப்படியே நின்றது. பிலோமினாக்கா என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "உள்ளுக்கை வா. புட்டு ஆறுது" என்றார், அவ்வளவுதான். அந்தப் புட்டும் விளைமீன் குழம்பும் இருக்கிறதே, எங்கள் ஊர்க் குழம்பைவிடச் சிவப்பு, இரண்டு மடங்கு காரம், தேங்காய்ப்பால் வாசம். கண்ணில் தண்ணீர் ஓட ஓடத் தின்றேன். "அழுறியோ, உறைக்குதோ?" என்று கேட்டார். "ரெண்டும்தாங்க்கா" என்றேன். பெரிய மீன் துண்டொன்று என் தட்டில் விழுந்தது. அதன்பிறகு பால் ஊற்றாத தேநீர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் கருப்பட்டியைக் காபியில் போடுவோம், இவர்கள் வாயில் போடுகிறார்கள்.

மறுநாள் சுகிர்தா மிஸ் வந்தார். அவர் அரசாங்க மிட்வைஃப். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். ஸ்கூட்டியில் முன்னால் டேப், பின்னால் நான், என் மடியில் குழந்தைத் தராசு. அளவெட்டிக்குப் போகிற வழியில், மருதனார்மடம் சந்தியில், சந்தை நெரிசலுக்கு நடுவே டயர் பஞ்சர். எதிரே ஆஞ்சநேயர் வானத்துக்கு நிற்கிறார். மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மலையையே தூக்கினவர், என்ரை ஸ்கூட்டியைத் தூக்கமாட்டன் எண்டு நிக்கிறார் பாரும்."

பஞ்சர் ஒட்டுகிறவர் என் மடியில் இருந்த தராசைப் பார்த்து, "உது என்ன பிள்ளை, மரக்கறி நிறுக்கவோ?" என்று கேட்டார். குழந்தை நிறுக்க என்றதும், "அப்ப என்ரை மூத்தவனை ஏத்தலாமோ? ஏ.எல் சோதனைக்குப் படிக்கிறான், சாப்பாட்டைத் தவிர ஒண்டும் ஏறுதில்லை" என்றார். கையைவிட வாய் வேகம்.

அளவெட்டியில் ஒரு சனசமூக நிலையத்தில் கிளினிக். அங்கேதான் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தேன். குழந்தையைத் தராசில் படுக்க வைத்ததும் கம்பி ஏதும் இல்லாமல் எடை டேப்புக்குப் பறக்கிறது. டேப் அந்தக் குழந்தைக்கு ஒரு கோடு வரைகிறது. கோடு பச்சையில் போனால் சந்தோஷம். சிவப்பில் விழுந்தால் அடுத்த கிளினிக் நாள் காலையில் பதிந்துவைத்த அந்த வீட்டுப் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மிஸ்ஸிடம் சொன்னால் சத்துமா, பயறு, நெத்தலிக் கருவாடு எல்லாம் வைத்த ஒரு பொதி கிடைக்கும். முந்தி ஒருத்தர் பெயரில் இன்னொருத்தர் வாங்கிப் போய்விடுவார்களாம். இப்போது நம்பர் இருக்கிற கைக்குத்தான் பொதி.

தராசு ஒன்று டேப்போடு பேசவே மாட்டேன் என்றது. கழற்றிப் பார்த்தால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைப் பாசி மாதிரித் துரு. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒரு குண்டுப் பையன் அதில் படுத்து வீல் வீலென்று கத்தினான். அடுத்த வீட்டில் யாரோ நாதஸ்வரம் சாதகம் பண்ண ஆரம்பிக்க, அவன் கத்தலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினான். அந்த நொடியில் எடை டேப்பில் வந்து விழுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. தாய்மார் வரிசையாகப் போனை நீட்டி நம்பர் காட்டினார்கள், பொதி வாங்கினார்கள், போனார்கள். புருஷன்மார் புகையிலைத் தோட்டத்தில். போன் பெண்கள் கையில். "எல்லா இடமும் இப்பிடி எண்டால் நான் நேரத்துக்குச் சாப்பிடுவன்" என்றார் மிஸ்.

அதற்கடுத்த நாள் குருநகர் கோயில் மண்டபத்தில் கிளினிக். கோயில் என்றால் மாதா கோயில். பொதிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தராசு ஜோராகப் பேசியது. பெண்களும் வந்தார்கள். ஆனால் மிஸ் "நம்பர்?" என்று கேட்டால் ஒருத்தரிடமும் இல்லை.

வரிசையில் முதலில் நின்றவள் ஜெனிற்றா. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கண் மட்டும் பெரிது, கை கால் எல்லாம் குச்சி.

"போன் அவரோடை போயிட்டுது மிஸ்."

"எங்கை போயிட்டுது?"

"தொழிலுக்கு. கடலுக்கு."

"எங்கடையளும் அங்கைதான் மிஸ் நீந்துது" என்றாள் பின்னால் நின்றவள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

மிஸ் சிரிக்கவில்லை. டேப்பை அவள் பக்கம் திருப்பினார். "இஞ்சை பார் ஜெனிற்றா. பிள்ளையின்ரை கோடு சிவப்பிலை, அதுகும் கீழை. ரண்டு தரம் நம்பர் வந்தும் நீ எடுக்கேல்லை. இண்டைக்கு எடுக்காட்டிலும் சனிக்கிழமை ஒருக்கா மேலதிகக் கிளினிக் போடுறன். அதையும் விட்டியெண்டால் இது உன்ரை பேரை வெட்டிப்போடும். பிறகு அடுத்த வருசம்தான் சேர்க்கலாம்."

"வெட்டாதைங்கோ மிஸ்."

"நான் வெட்டேல்லை, இது வெட்டும்."

"அப்ப அதுக்குச் சொல்லுங்கோவன்."

"அதுக்குக் காது இல்லையடி."

புதிதாக ஒரு நம்பர் அனுப்ப முடியாதா என்று நான் கேட்டேன். அனுப்பலாமாம், கிளினிக் நாளில் பன்னிரண்டு மணிக்குள் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கொஞ்ச நேரம் மட்டும் செல்லும் நம்பர் ஒன்று போகும். "ஆனால் அதுகும் கடலுக்குத்தானே போகும்" என்றார் மிஸ். ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை, போன் எல்லாம் வீட்டில் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கும் இல்லை.

ஜெனிற்றா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனாள். பொதி அங்கேயே, அவள் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் மிஸ்ஸையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் புருஷன் யூட் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து கட்டிய சாரத்தோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார். போன் ஒரு பாலித்தீன் பைக்குள், அது இன்னொரு பைக்குள், அதற்குமேல் ரப்பர் பாண்ட். அண்ணனும் இப்படித்தான் கட்டுவான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"காலமை நம்பர் ஏதும் வந்ததோ?" என்று மிஸ் கேட்டார்.

"ஓம், வந்தது. போன கிழமையும் வந்தது. கொம்பனிக்காரன்ரை லொத்தர்ப் பரிசு எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டன்."

ஜெனிற்றா அவர் தோளில் கிடந்த துவாயை உருவி அவரையே அடித்தாள். "என்ரை பிள்ளையின்ரை சாப்பாட்டையோ அழிச்சனீங்கள்?"

"பிள்ளையின்ரை சாப்பாடு போனுக்கை வருமெண்டு எனக்கு ஆர் சொன்னது? போனுக்கை மீன் வந்தாலும் பரவாயில்லை."

சனிக்கிழமை ஒரு நாள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் மிஸ். யூட் தலையை ஆட்டவே இல்லை. "எஞ்சின் நிண்டால் ஆரைக் கூப்பிடுறது மிஸ்? மாதாவுக்கு ரெலிபோன் இருக்கோ?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பேச வேண்டியவள். ஆனால் என் வாய், "எடுத்துட்டே போங்கண்ணே. விட்டுட்டுப் போவாதீங்க" என்றது. மிஸ்ஸுக்குக் கோபம். "நீர் ஆரின்ரை பக்கம்?" என்றார். குழந்தை என் சுடிதார் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் குழந்தைக்குச் சோறும் வேண்டும், அந்த மனுஷன் கையில் போனும் வேண்டும். ரெண்டில் ஒன்றை விடச் சொன்னால் எப்படி?

வழி சொன்னது ஜெனிற்றாதான். கரைக்குத் திரும்பும்போது எல்லா வள்ளக்காரரும் பிலோமினாக்காவுக்குத்தான் போன் அடிப்பார்கள். இன்றைக்கு என்ன மீன், எவ்வளவு, ஐஸ் வை என்று. "அப்ப அதோடை சேர்த்து நம்பரையும் சொன்னால் என்ன?" யூட் சரி என்றார். நம்பர் வந்ததும் பிலோமினாக்காவுக்கு அடித்து வாசிப்பதாகச் சொன்னார். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் போய்ச் சொன்னோம். பிலோமினாக்காவிடம் சொன்னபோது, "மீனுக்கு விலை சொன்ன வாயாலை இனிச் சத்துமாவுக்கும் நம்பர் சொல்லவோ? சம்பளம் என்ன?" என்று கேட்டார். "ரெண்டு பொதி நெத்தலிக் கருவாடு" என்றார் மிஸ். "மீன் விக்கிறவளுக்குக் கருவாடோ" என்று சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பருத்தித்துறைக்குப் போனேன், அங்கேயும் ஒரு தராசு ஊமையாகிவிட்டதாம். தனியார் பஸ். உள்ளே பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நடத்துனர் பையன் வாசலில் தொங்கிக்கொண்டு, "உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை இடம் கிடக்கு" என்று கத்தினான். உள்ளே இடம் கிடக்கவில்லை, ஒரு ஆட்டுக்குட்டிதான் கிடந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு வெயிலில் திரும்பி நடந்தேன். வழியில் வடை வாங்கினேன். பெயர்தான் வடை, பார்த்தால் எங்கள் ஊர்த் தட்டை. தட்டையைவிட மெல்லிசு, காரம் அதிகம். நடந்துகொண்டே ஒரு பை முழுக்கக் காலி. மீன் சந்தைப் பெண்களிடம், "அக்கா, உங்க வீட்டு போன் எங்க?" என்று கேட்டேன். ஒரு அக்கா கத்தியை நிறுத்தாமல் முகவாயால் கடலைக் காட்டினார். அங்கேயும் அப்படித்தான்.

சனிக்கிழமை விடியும்போதே எழுந்துவிட்டேன். தேர்தல் நாள் மாதிரி இருந்தது. மண்டப வாசலில் பிலோமினாக்கா கதிரை போட்டு உட்கார்ந்து, போனை மடியில் வைத்திருந்தார். டேப்பை வைத்துக்கொண்டு மிஸ், பக்கத்தில் நான். போன் அடித்தது.

"ஓம் சொல்லு. மீன் பிறகு, முதல் நம்பரைச் சொல்லு." அக்கா கேட்டுக் கேட்டு உரக்கச் சொன்னார். வரிசையில் நின்ற பெண்கள் கூடவே சொன்னார்கள். மிஸ் தட்டினார். டேப் பச்சையானது. முதல் பொதி போனது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது, தட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த போன், அடுத்த நம்பர். ஒருத்தர் நம்பரோடு, "மனுசிட்டைச் சொல்லுங்கோ, இண்டைக்குக் கணவாய் கிடைச்சது" என்றும் சொன்னார். அக்கா அதையும் அப்படியே கத்தினார். மனுசி வெட்கப்பட்டுப் பொதியால் முகத்தை மூடினாள்.

யூட் மட்டும் அடிக்கவில்லை.

ஜெனிற்றா மற்றவர்களுக்கு இடம் விட்டு விட்டுக் கடைசி ஆளாக நின்றாள். பெண்கள் போனார்கள். கரைக்கு வந்த வள்ளக்காரர் ஒருவர் மண்டப வாசலில் நின்று, யூட்டின் வள்ளத்தை விடியப்புறம் தூரத்தில் கண்டதாகவும், பிறகு காணவில்லை என்றும் சொன்னார். பிலோமினாக்கா யூட் நம்பருக்கு அடித்தார். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில் ஒரு பெண் குரல். வார்த்தை வேறு. சொன்னது அதே சங்கதி. கப்பலில் வராத வாந்தி அப்போது வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் போய் எடுத்துவிட்டு முகம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது ஜெனிற்றா குழந்தையோடு கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவளைத் தனியாக விட முடியவில்லை. வந்த நாளில் இருந்து நான் போகாத அந்தத் தெரு முனைக்கு அவள் பின்னாலேயே போனேன். தண்ணீர் அமைதியாக, வெளிர் பச்சையாக, ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. அண்ணனை ஏந்தி வந்ததும் இந்தத் தண்ணீரின் அடுத்த முனைதான். ஜெனிற்றா நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை என் கையில் தந்துவிட்டு, நெற்றிக்குமேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தைக்கு எடையே இல்லை. தராசு சொன்னதை என் கையும் சொன்னது.

கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸும் டேப்போடு அங்கே வந்துவிட்டார். "பன்னிரண்டுக்குப் பிறகு இது தானாப் பூட்டும். அதுவரைக்கும் கிளினிக் இஞ்சைதான்" என்று கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்தார்.

அப்போதுதான் பிலோமினாக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தார். போன் காதில். "யூட்தான்! கதைக்கிறான்! எஞ்சின் நிண்டிட்டுதாம். அந்தோனியின்ரை வள்ளம் கட்டி இழுக்குதாம், வருகினமாம்."

ஜெனிற்றா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தமாகவே அழுதேன். குழந்தை என் மூக்கைப் பிடித்து விளையாடியது.

மிஸ்ஸுக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது. "காலமை வந்த நம்பர் எங்கை எண்டு கேளுங்கோ."

பிலோமினாக்கா கேட்டார். "எஞ்சினோடை மாரடிச்சதிலை ஆர் பாத்தது எண்டுறான்."

"அதைத் தேட இனி நேரமில்லை. புதுசா அனுப்புறன். போனை வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ." மிஸ் பொத்தானை அமுக்கினார். நாங்கள் எல்லாரும் பிலோமினாக்காவின் கையைப் பார்த்தபடி நின்றோம். அங்கே கடலில் யூட்டின் போனில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அக்காவின் போன் வழியாக இவ்வளவு தூரத்துக்கும் கேட்டது.

"வந்திட்டுது எண்டுறான். காதிலை வைச்சுக்கொண்டு என்னெண்டு வாசிக்கிறது எண்டு கேக்கிறான்."

"காதிலையிருந்து எடுத்து முகத்துக்கு நேரை பிடியடா மடையா" என்று ஜெனிற்றா மணலில் இருந்தபடியே கத்தினாள். அவள் புருஷனை 'டா' போட்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

"போன் கண்ணாடியிலை உப்பு, ஒண்டும் தெரியேல்லையாம். சாரத்தாலை துடைக்கிறானாம்." பிறகு அக்கா குரலை உயர்த்தினார். "நாலு." மிஸ் தட்டினார். "ஒண்டு." காற்று இரைந்தது. "அடுத்தது ஒன்பது." அங்கே நின்ற ஆம்பிளைகளும் வலையைக் கீழே போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "கடைசி எட்டு. எட்டுத்தானாம், ரண்டு தரம் சொல்லுறான்."

மிஸ் தட்டினார். டேப்பில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பச்சையானது.

கரையில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, கோயில் பக்கம் இருந்தவர்கள் யாருக்கோ லொத்தர் விழுந்துவிட்டது என்று நினைத்தார்களாம். பொதியை ஒருவர் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். ஜெனிற்றா அங்கேயே அதைப் பிரித்து, கொஞ்சம் சத்துமாவை உள்ளங்கையில் போட்டு, தண்ணீர் விட்டுக் குழைத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது, துப்பியது, பிறகு வாயைத் திறந்தது. நானும் கொஞ்சம் தின்றேன். வறுத்த வாசம். நல்லாத்தான் இருந்தது.

யூட்டை இழுத்துக்கொண்டு வள்ளங்கள் வந்தன. அவர் இறங்கியதும் எல்லாரும் அவரைவிட அவருடைய போனைத்தான் பார்த்தார்கள். "மாதாவுக்கு ரெலிபோன் இல்லை எண்டனீர், பாத்தீரே, கரையெல்லாம் ரெலிபோன்" என்றார் மிஸ்.

ஆனால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் இப்படி ஓட முடியாது. அன்றைக்கே பிலோமினாக்காவின் மேசை லாச்சியைக் கிளறினேன். செத்த போன்கள் நிறையக் கிடந்தன. ஒன்றின் திரை, இன்னொன்றின் பேட்டரி, மூன்றாவதின் சார்ஜ் வாய் என்று சேர்த்து ஒரு போனுக்கு உயிர் கொடுத்தேன். விஷயம் தெரிந்து தெருப் பெண்கள் தங்கள் வீட்டில் செத்துக் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து குவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முழு நாளும் உட்கார்ந்தேன். குவிந்ததில் பாதி எழுந்தது, பாதி எழவே இல்லை. கூலியாக இறால் வடை, கணவாய்ப் பிரட்டல், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ். கூழ் குடிக்கும்போது நண்டுக்கால் உதட்டைக் குத்தியது. அதையும் விடாமல் உறிஞ்சினேன். ஜெனிற்றா தன் அடையாள அட்டையைக் கொண்டுபோய்த் தன் பெயரில் சிம் வாங்கி வந்தாள். மிஸ் டேப்பில் யூட்டின் நம்பரை அழித்து அவள் நம்பரைப் போட்டார். யூட்டின் போன் எப்போதும்போல் பாலித்தீன் பைக்குள் போனது.

திங்கட்கிழமை காலை நான் கிளம்ப வேண்டும். வாசலில் ஆட்டோ நின்றது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, கடைசியாக ஜெனிற்றா வீட்டுக்கு ஓடினேன். அவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. இருவரும் பதறிவிட்டோம். அவள் கையைத் துடைக்காமலே எடுத்தாள். திரையில் யூட்டின் பெயர். நேற்று நான்தான் அதைப் பதிந்து கொடுத்திருந்தேன். ஸ்பீக்கரும் போட்டுவிட்டாள், எனக்கும் கேட்டது.

"என்ன, எஞ்சினோ?"

காற்றின் இரைச்சல். "இல்லை. எஞ்சின் ஓடுது."

"அப்ப என்ன?"

"ஒண்டுமில்லை. சும்மாதான் எடுத்தனான்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் கடலில் இருந்து அவர் அவளோடு பேசுவது இதுதான் முதல் தடவை. அவள் குழந்தையின் வாயருகே போனைப் பிடித்தாள். அது மாவு வாயோடு ஏதோ குழறியது. அந்தப் பக்கம் யூட் சிரித்தார். "சாப்பிடுறாளோ? நல்லாச் சாப்பிடுறாளோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "ஓம், சாப்பிடுறாள். நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்றாள் ஜெனிற்றா. காலையில் அவள் பாண் ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தாளாம். அவர் அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் வெளியே வந்து, கையைக் காட்டி அவரைச் சத்தம் போட வேண்டாம் என்றேன். கப்பல் எனக்காக நிற்காது என்று அவர் சொன்னார். நிற்காவிட்டால் போகட்டும். அவர்கள் கதைத்து முடிக்கட்டும்.